ஜீப் நின்றது, தூக்கமும் போனது

கேள்வி: எனக்கு வயது 61, ஊர் கம்பம். 30 வருடமாக விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். முட்டி வலியால் போன வருடம் நின்றுவிட்டேன். இப்போது இரவு இரண்டு மணி வரை தூக்கம் பிடிப்பதில்லை. காலையில் எட்டோ ஒன்பதோ ஆகிறது எழ. சாப்பாட்டுக்கும் நேரம் காலம் இல்லை. சர்க்கரைக்கு மெட்பார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். சில நாள் முற்பகலில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டுகிறது. தூக்க மாத்திரை போடலாமா டாக்டர்?

பதில்: தூக்க மாத்திரை இருக்கட்டும் ஐயா. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கை நடுங்கி வேர்க்கிறது என்று, முதலில் அதைப் பார்ப்போம்.

கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைப் பதினொரு மணிக்குத் தள்ளினால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். அடுத்த முறை நடுங்கும்போது உடனே சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம், குடித்துவிடுங்கள். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, என்றைக்கு எத்தனை மணிக்கு நடுங்கியது என்று சொல்லுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். அதுவரை கிளிமிபிரைடு காலைச் சாப்பாட்டோடுதான். தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரை.

சரி, இப்போது தூக்கம். தோட்டத்துக்குப் போன காலத்தில் உங்கள் நாளை நீங்கள் அமைத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் ஹாரன் அடித்தால் எழுந்துதான் ஆக வேண்டும். நடுவில் ஒரு கட்டன் சாயா, மதியம் தூக்குவாளிச் சோறு, சாயங்காலம் அலுத்துப்போய் வீடு. ஜீப் நின்றதும் இத்தனையும் ஒரே நாளில் நின்றுவிட்டது. உங்களுக்குத் தூக்க வியாதி வந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பகல் குலைந்துபோனதால்தான் ராத்திரியும் குலைந்திருக்கிறது.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடக்கூடியது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டுப்பட்டுத்தான் தினமும் சரியாகிறது. உடலுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒன்பது மணிவரை கதவைச் சாத்திப் படுத்துவிட்டு, ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் கிடந்தால் அது பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். இன்சுலினும் காலையில் வேலை செய்கிற அளவுக்கு ராத்திரியில் செய்யாது. அகால நேரத்தில் சாப்பிடுகிற பரோட்டா சர்க்கரையை ஏற்றிவிடுவது அதனால்தான்.

சுவரில் அட்டவணை எழுதி ஒட்டச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அதெல்லாம் நாலு நாள். ஒன்றை மட்டும் பிடியுங்கள்: எழும் நேரம். காலை ஆறு மணி என்று வையுங்கள். ராத்திரி எப்போது தூங்கியிருந்தாலும் ஆறுக்கு எழுந்து, அரை மணி நேரம் வெளியில் இருங்கள். முட்டி வலிக்கு நடக்க முடியாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்தாலும் போதும். மேகமலையைத் தாண்டி வெயில் ஏற நேரமாகும்தான். அதற்கு முந்தைய வெளிச்சமே வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். எட்டு மணிக்குள் சாப்பாடு, மாத்திரை. முதல் வாரம் பகலில் கண்ணைச் சொக்கும். மதியம் 20 நிமிடம் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். டீயை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். தூக்கம் வந்த பிறகு படுக்கைக்குப் போங்கள். எட்டு மணிக்கே போய்ப் புரள வேண்டாம்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக் கூட்டம் உங்கள் ஊர் வழியாகத்தானே குமுளிக்குப் போகிறது? மாலை போட்ட ஆளை விடிவதற்குள் எழுந்து குளிக்கச் சொல்லி யாரும் விரட்ட வேண்டியதில்லை. மாலையைக் கழற்றியதும் பாதிப் பேர் பழையபடி ஆகிவிடுகிறார்கள், அது வேறு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு அதைவிட வெகுகாலம். நடுவில் ஒரு நாள் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடாது என்பதும் அதில் தெரிந்தது.

அப்புறம், ஜீப்பில் போகவர அத்தனை பேரோடு பேசிக்கொண்டிருந்தவர் நீங்கள். இப்போது யாரோடு பேசுகிறீர்கள்? சாயங்காலம் டீக்கடைக்குப் போங்கள், டீ குடிக்காவிட்டாலும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். உங்களுக்குத் தெரியாது, வீட்டம்மாவைக் கேளுங்கள். ராத்திரி சிறுநீருக்கு எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் எண்ணி வைத்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளோடு போய் டாக்டரைப் பாருங்கள்.