சுகர் மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகர். இப்போது காலில் புண். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆன்மிகக் குணமும் உடல் குணமும் ஒன்றுதானா?

பதில்:

மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. லூக்கா 17-இல் பத்துத் தொழுநோயாளிகள் வருகிறார்கள். பத்துப் பேருக்கும் உடம்பு சுத்தமாகிறது. திரும்பி வந்து நன்றி சொன்ன சமாரியனிடம் மட்டும் இயேசு, “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்கிறார். இது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே வரி “உமது நம்பிக்கை உமக்கு நலமளித்தது” என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் உள்ள ‘சோசோ’ என்ற வினைக்கு இரண்டு பொருளும் உண்டு. யாக்கோபு 5:15-இல், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்ற இடத்திலும் அதே சொல்தான். குழப்பம் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் திரும்பியே பார்க்காத ஒன்பது பேருக்கும் தோல் சரியாகத்தானே போனது? உடம்பு குணமானதை வைத்து விசுவாசத்தை அளக்க அந்தப் பகுதியே இடம் கொடுக்கவில்லை.

பவுலையும் பாருங்கள். தன் உடலில் இருந்த உபாதையை ‘முள்’ என்கிறார். மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள்.

நம் பக்கத்து ஓரியூரும் இதைத்தான் காட்டுகிறது. நோயில் கிடந்த மறவ நாட்டுத் தலைவர் தடியத்தேவர் ஜெபத்துக்குப் பின் எழுந்து, 1693 ஜனவரியில் இயேசு சபைக் குரு அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அதனால் வந்த கோபத்தில், பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. குணம் பெற்றவர் பிழைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தவர் மடிந்தார்.

அவர் ரத்தம் சிந்திய இடம் என்று மக்கள் எடுத்துவரும் அந்த ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை. புண்ணில் அப்பக் கூடாது, எந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். ஜெப எண்ணெயும் அப்படித்தான். நோயாளிக்காகக் குரு ஜெபித்து எண்ணெய் பூசும் கத்தோலிக்கச் சடங்கான நோயில்பூசுதலில்கூட எண்ணெய் படுவது நெற்றியிலும் கைகளிலும்தான். பங்குச்சாமியிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து கொடுப்பார். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயர் மனதில் நிற்பதால், சாமி வந்தாலே சாவு என்று பயப்படுகிறார்கள். கடும் நோய் வந்த யாருக்கும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் கொடுக்கலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

இப்போது கால். சுகரில் பாதத்து நரம்பு மரத்துப்போகும். கருவாடு காயும் மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் சூடு தெரியாது. கெளுத்தி முள் ஏறினாலும் தெரியாது, மூன்றாம் நாள் சீழ் வடியும்போதுதான் தெரியும். தினமும் ராத்திரி உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாதீர்கள். கடல் தண்ணியில் கழுவினால் புண் ஆறும் என்பார்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, சுகர்காரர் புண்ணுக்குள் போனால் சதையை அழுகவைத்துவிடும். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இன்னொரு ஆபத்து உபவாச ஜெபம். இன்சுலினோ கிளிமிப்ரைடு மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு உளறும். கூட்டத்தில் இதைப் பார்த்து ‘ஆவி இறங்கிருச்சு’ என்று சுற்றி நின்று கைதட்டுவார்கள். அந்த நேரத்தில் வேண்டியது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையே நோயாளிகளை ஒருசந்தி என்ற உபவாசத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்ற விதியிலும் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை.

‘சுகர் குணமாயிருச்சு’ என்று யாராவது சாட்சி சொன்னால், அந்தப் பத்துப் பேரிடம் இயேசு என்ன சொன்னார் என்று கேளுங்கள். “போய் ஆசாரியர்களுக்குக் காட்டுங்கள்” என்றார். தொழுநோய் போய்விட்டதா என்று சோதித்துச் சொல்வது அன்று ஆசாரியர் என்ற யூதக் குருக்களின் வேலை. பிரான்சில் மாதா திருத்தலமான லூர்து நகரில் குணமானதாகச் சொல்பவர்களைச் சோதிக்க 1883 முதல் மருத்துவர் குழு இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சொல்லியும், திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றது எழுபது சொச்சம்தான். சுகருக்கு ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் குறைத்தால் குறைக்கட்டும். அதுவரை அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போவதைத் தடுக்க வேண்டாம், ஜெபப் புத்தகத்தோடு ஒரு சீனிப் பொட்டலத்தையும் பையில் போட்டு அனுப்புங்கள்.