மகளும் மிதக்கட்டும்

அன்புள்ள அக்கா,
என் கணவர் மலேசியாவில், பினாங்கில் வேலை செய்கிறார். மே விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகும்போது, லங்காவியில் பாய்மரப் படகு ஒன்றை ஆறு நாள் வாடகைக்கு எடுத்து, குடும்பமாகத் தீவு தீவாகச் சுற்றலாம் என்கிறார். சமையல், தூக்கம் எல்லாம் படகிலேயே. மகனுக்கு 11 வயது, நீச்சல் வகுப்புக்குப் போகிறான். மகளுக்கு 8, அவள் என் பக்கத்திலேயே இருப்பாள். பேத்திக்குத் தண்ணீரில் கண்டம் என்று மாமியார் பயமுறுத்துகிறார். மே மாதம் சரிப்படுமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
- ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் மே வேண்டாம். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் அது. அலையும் மழையும் கூடும். டிசம்பரில் அரைப்பரீட்சை லீவுக்குப் போங்கள். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து, நிலத்தைத் தாண்டி வரும்; தீவுகளுக்கு நடுவே கடல் அடங்கியிருக்கும். அந்தக் கடலைத் தெரிந்த படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். வாந்திக்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை. ஜாதகத்தை விடுங்கள்.

"அவள் என் பக்கத்திலேயே இருப்பாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பையனுக்கு நீச்சல், பெண்ணுக்கு அம்மாவின் முந்தானையா? உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு வார்த்தை இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் நிலத்தில் கல்கட்டுக் கிணறு ஒன்று. கோடையில் பையன்கள் மோட்டார்க் கொட்டகை மேலேறிக் குதிப்பார்கள். பெண் பிள்ளைகள் நாங்கள் அவர்கள் துணிகளுக்குக் காவலாக மேட்டில் நிற்போம். ஆண்கள் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் பார்த்து அத்தைதான் என் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கினார். பாசி பிடித்த படியை விடமாட்டேன் என்று கத்தினேன். முதுகுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "வானத்தைப் பாருடி, வயித்தத் தளர்த்து" என்றார். கையை எடுத்ததும் மூக்கில் தண்ணீர் ஏறியது. திரும்பவும் மல்லாத்தினார். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்பீர்கள். கட்டாயம் போடுங்கள். பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு நடுவே பட்டை உள்ளதாகப் பாருங்கள். பெரியவர்களுடையது தண்ணீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும். ஆனால் ஜாக்கெட் பயத்தைப் போக்காது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு வாங்கவே வாய் போதாது. நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு மேல்தட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிடும். நீந்தத் தெரியாத நீங்கள் பக்கத்தில் இருப்பது அவளுக்குக் காவல் இல்லை அம்மா. நீங்களும் குதிப்பீர்கள், இரண்டு உயிர் போகும்.

இந்த வாரமே மகளையும் வகுப்பில் சேருங்கள். நீங்களும் சேருங்கள், என்ன வெட்கம்? மல்லாந்து மிதக்க வந்தால் முதல் படி தாண்டியாயிற்று. உப்புத்தண்ணீர் இன்னும் சுலபமாகத் தாங்கும். லங்காவியில் தயாங் புந்திங் என்ற தீவுக்குள் நன்னீர் ஏரி ஒன்று இருக்கிறது. மகளை ஜாக்கெட்டோடு முதலில் அங்கே இறக்குங்கள், கூடவே நீங்களும் இறங்குங்கள்.