அங்கோரில் ஒரு சண்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அங்கோர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன பிப்ரவரியில் நானும் கணவரும் ஒரு டூர் குழுவோடு கம்போடியா போய்வந்தோம். மொத்தம் பதினெட்டுப் பேர். இரண்டரை நாளில் பதினொரு கோயில் காட்டினார்கள். முதல் நாளே நாலரை மணிக்கு எழுப்பி, சூரிய உதயம் பார்க்க அங்கோர் வாட் குளக்கரையில் நிறுத்தினார்கள். நான் பார்த்தது முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களைத்தான். தா ப்ரோமில் மரத்தடியில் படம் எடுக்க வரிசை. நான்காவது கோயிலுக்கு மேல் எல்லாம் ஒரே கல்லாகத் தெரிந்தது.

நடுவில் ஒரு சண்டை வேறு. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதையெல்லாம் கட்டியது தமிழ் மன்னன்தான், 'வர்மன்' என்ற பெயரே சாட்சி என்று கைடிடம் வாதாடினார். கைடு சின்னப் பையன். முதலில் மறுத்துப் பேசிப் பார்த்தான், அப்புறம் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அன்று முழுக்க அவன் அதிகம் பேசவில்லை. அதே கைடு எங்களை இடமாகச் சுற்றவைத்தான் என்று ஒரு அம்மாவுக்குக் கோபம். "பெருமாள் கோயில் என்கிறாய், அப்பிரதட்சணமாக நடக்கச் சொல்கிறாயே" என்றார்.

யார் சொன்னது சரி? நீங்கள் எழுதிய பரவசம் எனக்கு ஏன் வரவில்லை, ரசனைக் குறைவா? ஜனவரியில் அண்ணன் குடும்பம் போவதாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? பந்தே ஸ்ரெய் கோயிலில் எடுத்த குழுப் படத்தை இணைத்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சமாவது பிடித்தது அந்த இடம்தான். சின்னதாக இருந்ததால் இருக்கலாம்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

ரசனைக் குறைவெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தது என் இரண்டாவது பயணத்தைப் பற்றி. முதல் பயணத்தைப் பற்றி நான் எங்கும் எழுதவில்லை, எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஏப்ரல் மாதம், அங்கே கொளுத்துகிற மாதம். கார் ஏற்பாடு செய்த ஆள் காலையில் பட்டுக்கடை, கல் நகைக்கடை என்று இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, உச்சி வெயிலில் அங்கோர் வாட் வாசலில் இறக்கிவிட்டார். தலைசுற்றலோடு மூன்றாம் தளத்துக்கு ஏறப்போனால், அரைக்கால் சட்டையோடு வந்த என்னைக் காவலர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம்மூரில் கோயிலுக்கு அப்படிப் போவேனா? போகமாட்டேன். அங்கே அது கோயில் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

இன்றும் அது வழிபாட்டில் இருக்கும் இடம். மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய விஷ்ணு நிற்கிறார், பார்த்தீர்களா? காவித்துணி போர்த்தி, ஊதுபத்தி வைத்து, பூ வைத்து உள்ளூர் மக்கள் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு அவர் 'தா ரீச்'. தா என்றால் தாத்தா, ரீச் என்பது ராஜா. நீங்கள் வரிசையில் நின்ற தா ப்ரோம்கூட பிரம்மா தாத்தாதான். பௌத்தர்கள் ஒரு விஷ்ணுவை ஊர்த் தாத்தாவாக்கி, பௌத்தத் துறவியின் நிறத்தில் துணி போர்த்திக் கும்பிடுகிறார்கள். பெருமாளுக்காகக் கோபப்பட்ட அந்த அம்மா இவரைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுற்றிய திசையில் கைடு செய்தது சரி. கோயில் மேற்கு பார்த்தது. முதல் தளத்தின் நாலு பக்கச் சுவர்களிலும் ஓடும் சிற்பங்கள் இடமாக நடப்பவருக்காக அமைந்தவை. மேற்குச் சுவரின் தென்பாதியில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் படை அணிவகுப்பு, அடுத்து சொர்க்கமும் நரகமும். கிழக்கே திரும்பியதும் பாற்கடல். மேற்கு நோக்கிய வாசலையும் இந்த இடச்சுற்றையும் வைத்து இது மன்னனின் ஈமக்கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. வலமாகப் போனால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதுதான்.

பாற்கடல் சுவரின் நீளம் 49 மீட்டர். ஒரு பக்கம் 92 அசுரர்கள், இன்னொரு பக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு. வாசுகியின் உடலைப் பிடித்து இழுக்கும் கைகளையும் பின்னால் சாயும் உடல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், ஒரு கட்டத்தில் நம் தோளும் பின்னால் சாய்கிறது. கீழே கடலில் மீனும் முதலையும் கடையும் இடத்தை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. அந்தச் சிற்பி கடைதலை வெறும் புராணமாக எடுத்துக்கொள்ளவில்லை, நீருக்குள் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறான். இரண்டாம் பயணத்தில் நான் பார்த்தது முக்கியமாக இந்தச் சுவரைத்தான், இரண்டு காலைகள். பரவசம் என்று நீங்கள் சொல்வது அங்கே வந்ததுதான். பதினொரு கோயில் பார்த்திருந்தால் எனக்கும் வந்திருக்காது.

இனி அந்தச் சண்டை. ஆசிரியர் சொன்னது தவறு. அங்கோர் வாட்டைக் கட்டியவர் இரண்டாம் சூரியவர்மன், கம்போடியாவின் கெமர் இனத்து அரசர், 1113-ல் பட்டத்துக்கு வந்தவர். அங்கோரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. 'வர்மன்' பல்லவர்களின் தனிச்சொத்து அல்ல. அஸ்ஸாமில் பாஸ்கரவர்மன் இருந்தார், கன்னோசியில் யசோவர்மன், ஜாவாவில் பூர்ணவர்மன். கட்டிய முறையும் வேறு. உள்ளே செம்புரைக்கல், மேலே குலேன் மலையிலிருந்து கொண்டுவந்த மணற்கல், படிப்படியாக உயரும் மலைபோன்ற அமைப்பு. நம் கோயில் விமானத்தோடு ஒப்பிட்டால் ஒரே கதையை வேறு இலக்கணத்தில் எழுதியது போல இருக்கும். தமிழ்க் கல்வெட்டுதான் பார்க்கவேண்டும் என்றால் ஆசிரியர் சுமத்ராவின் பாருஸ், தாய்லாந்தின் தகுவாபா, மியான்மரின் பகான் பக்கம் போகலாம். அங்கெல்லாம் நம் வணிகர்கள் விட்டுவந்தவை உண்டு.

அதற்காகத் தொடர்பே இல்லை என்று சொல்லவரவில்லை. கெமர் எழுத்தின் வேர் பல்லவர் எழுத்து. ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. சிதம்பரத்தில் 1114-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்த ஒரு கல் கோயிலில் வைக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. ஆனால் ஆண்டைப் பாருங்கள், சூரியவர்மன் பட்டமேறிய மறு வருடம். அங்கோர் வாட்டைக் கட்டத் தொடங்கும் ஓர் அரசனிடமிருந்து தில்லைக்கு ஒரு கல் வந்திருக்கலாம் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. கட்டியதே நாம்தான் என்று சொல்லிவிட்டால் இந்தக் கல்லுக்குக் கதையே இல்லாமல் போய்விடும். தனக்குத்தானே யாராவது பரிசு அனுப்பிக்கொள்வார்களா?

அந்தப் பையன் பேசாமல் போனதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகப் பிடித்த வரி அது. அவன் அப்பா அம்மா அல்லது தாத்தா பாட்டி 1975-லிருந்து 79 வரையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் தப்பிப் பிழைத்தவர்களாக இருப்பார்கள். ஏறத்தாழ 17 லட்சம் பேர் செத்த நாலு வருடம். அந்த ஆட்சியின் கொடியில்கூட அங்கோர் வாட்டின் கோபுரங்கள் இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் வந்த கொடிகளிலும் உண்டு. எல்லாம் போன பிறகும் எங்களுடையது என்று சொல்ல அவர்களுக்கு மிஞ்சியது அது. 2003 ஜனவரியில், அங்கோர் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாக ஆதாரமில்லாத ஒரு செய்தி பரவி, நோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே கொளுத்தினார்கள். கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. நம் ஆசிரியர் ஒரு சிரிப்போடு தப்பித்தார் என்று சொல்கிறேன்.

அண்ணன் கட்டாயம் போகட்டும். ஜனவரி நல்ல மாதம், வெயில் தாங்கும். டூர் குழுவை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் அறை எடுத்து, நல்ல டுக்டுக்காரர் ஒருவரை மொத்த நாட்களுக்கும் பேசிக்கொண்டால் போதும். மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எனவே நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வேண்டாம். சூரிய உதயம் முடிந்ததும் கூட்டம் காலை உணவுக்கு ஓட்டலுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் கிழக்குச் சுவருக்கு, பாற்கடலுக்குப் போகச் சொல்லுங்கள், வெளிச்சம் நேராக உள்ளே விழும். பாயோன் கோயிலில் எல்லோரும் கோபுரங்களில் இருக்கும் பெரிய கல்முகங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணன் குனிந்து வெளிச்சுவரைப் பார்க்கட்டும். சேவல் சண்டை, சந்தை, சமையல், பிரசவம் என்று ஊரே அங்கே இருக்கிறது. 1296-ல் வந்து ஒரு வருடம் தங்கிய சீனத் தூதுக்குழுவின் சோ தாகுவான், இங்கே வியாபாரமெல்லாம் பெண்கள் கையில்தான், கடை கிடையாது, தரையில் பாய் விரித்து விற்கிறார்கள் என்று எழுதினார். சியம் ரீப்பின் பழைய சந்தைக்குப் போனால் யார் கையில் வியாபாரம் என்று இன்றும் பார்க்கலாம். சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்கவேண்டும், காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். கிழிந்த டாலரைக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள்.

பந்தே ஸ்ரெய் போகும் வழியில் ப்ரே தாக் என்றொரு கிராமம். சாலையோரம் பெரிய சட்டியில் பதநீர் காய்ச்சி, ஓலையில் கட்டிக் கருப்பட்டி விற்பார்கள். நீங்கள் பஸ்ஸில் தூங்கியிருப்பீர்கள். பனை அவர்களுக்குத் தேசிய மரம், நமக்கு மாநில மரம். (இதுவும் இங்கிருந்து போனதா என்று ஆசிரியர் கேட்டால் என் பெயரை இழுக்காதீர்கள்.)

பந்தே ஸ்ரெய் உங்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. அதைக் கட்டியது அரசனே அல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு. 967-ல் பிரதிஷ்டை, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் மூத்தது. அப்போது ஆண்ட மன்னன் பெயர் ராஜேந்திரவர்மன். இதையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டாம், நம் ராஜேந்திரன் பட்டத்துக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் கிழக்கு வாசலுக்கு முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். ஆசிரியர் நடுவில், தொப்பியோடு. அவர் தலைக்கு மேலே முகப்பில் சிவன் ஆடுகிறார். காலடியில் எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தெரிகிறதா? பெயர் பொறித்திருக்கவில்லை. ஆனால் காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்கவேண்டும் என்று கேட்டவர், தன்னைப் பேய் என்று தானே பாடிக்கொண்டவர். கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் அவர் வந்து உட்காரும் முன்பே இங்கே வந்துவிட்டிருக்கிறார். ஆசிரியரின் தொப்பி விளிம்பு கொஞ்சம் மறைக்கிறது, படத்தை இன்னும் பெரிதாக்கிப் பாருங்கள்.