சென்னைக் கல்யாண டிவிடி அமெரிக்க டிவியில் கறுப்பு வெள்ளையாக உருண்டால்

டிஸ்க்கை மாற்றும் முன் பிளேயரின் செட்டப் மெனுவில் ‘டிவி சிஸ்டம்’ எதில் இருக்கிறது என்று பாருங்கள். ‘பால்’ (குடிக்கிற பால் இல்லை, இந்தியாவின் டிவி முறை!) அல்லது ‘ஆட்டோ’ என்றிருந்தால் அமெரிக்க முறையான ‘என்டிஎஸ்சி’க்கு மாற்றுங்கள். பல பிளேயர்கள் படத்தைத் தாங்களே அந்த முறைக்கு மாற்றிக் கொடுத்துவிடும்.

படம் கறுப்பு வெள்ளையாகி மேல்நோக்கி உருண்டால், அது ரீஜன் (எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போடும் பூட்டு) சிக்கல் இல்லை. ரீஜன் என்றால் டிஸ்க் ஓடவே ஓடாது. வீடியோக்காரர் ரைட் பண்ணிக் கொடுத்த டிஸ்க்கில் பொதுவாக அந்தப் பூட்டும் இருக்காது. இந்திய டிஸ்க் 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். அங்குள்ள பழைய டிவி எதிர்பார்ப்பது 480 வரி, 29.97 ஃபிரேம். அதனால்தான் இந்தக் கூத்து.

சந்தேகமிருந்தால் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். கலரில் ஒழுங்காக ஓடினால் டிஸ்க்கில் குறையில்லை.

மெனு கைகொடுக்கவில்லையா? சரி, முதலில் டிஸ்க்கை ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) நகலெடுத்து வையுங்கள். அப்புறம் டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் புது புராஜெக்ட் திறக்கும்போதே என்டிஎஸ்சி தேர்ந்தெடுத்து, டிஸ்க்கில் உள்ள விஓபி (வீடியோ) கோப்புகளை இழுத்துப் போட்டுப் புது டிஸ்க்கில் எழுதுங்கள்.

ஒன்று: மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் படம் லேசாக வெட்டி வெட்டி ஓடும். அதை முழுசாகத் தவிர்க்க முடியாது. ஒரிஜினலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.