எதிர்வீட்டுச் சுவரிலும் பார்க்க விஷயம் இருக்கிறது

வேளச்சேரிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுச் சுவரும் ஏசி பெட்டியும்தான், ஊர் வயலும் வாய்க்காலும் நினைவுக்கு வந்து மனசு வாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.

ஊரை இங்கே தேடாதீர்கள், கிடைக்காது. ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பூவரசு இருந்தால் காலையில் அதன் பூவைப் பாருங்கள், நல்ல மஞ்சள், நடுவில் அடர்சிவப்புக் கறை. அதே பூவை மறுபடி மாலையில் போய்ப் பார்த்தால் செம்பழுப்பாக மாறத் தொடங்கியிருக்கும். தூங்குமூஞ்சி மரம் என்றால் இன்னும் வசதி, அந்தி சாயும் நேரம் இலைகளை மடக்கிக்கொள்வதை டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

அப்புறம் அந்த ஏசி பெட்டியைத் திட்டாதீர்கள், பால்கனியைத் தேடியும் பறவை வரலாம். எங்கள் பால்கனிக் கொடிக்கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சருகு, நார், சிலந்தி வலை, கொஞ்சம் குப்பை, அவ்வளவுதான் சாமான். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம் வேறு! பெண் குருவிதான் கொத்தனார். குஞ்சுகள் பறக்கும் வரை துணியெல்லாம் மொட்டை மாடியில் காய்ந்தது, வீட்டில் தினமும் சண்டை.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் போங்கள், வாத்துகளும் நாரைகளும் வந்திருக்கும். போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனால் நல்லது.

சரி, உங்கள் தெருவில் என்ன மரம் நிற்கிறது?