ஏழு மாதம் வரும் சன்ஸ்கிரீன்

கே: வயது 38. எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், 50 கிராம் டியூப். ஏழு மாதமாகத் தினமும் போடுகிறேன், இன்னும் பாதி இருக்கிறது. ஆனாலும் கண்ணோரம் சுருக்கம், கன்னத்தில் கருந்திட்டு. கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

ப: உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 210 நாளில் 25 கிராம் என்றால் நாளைக்கு 0.12 கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கே சுமார் ஒரு கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு இழுங்கள், அதுதான் அளவு. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத்தான் டியூபில் 50 என்று அச்சடிக்கிறார்கள். தொட்டுத் தேய்த்தால் அந்த 50 உங்களுக்குக் கிடைக்காது. வெயிலில் நிற்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்; அவருக்கு இந்த டியூப் ஒரு மாதம்கூட வராது.

30-ஆ 50-ஆ என்று கடையில் நின்று குழம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சரியாகப் பூசினால் 30 சுமார் 97 சதவீத யு.வி.பி. கதிரை, அதாவது தோலைச் சுடும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. தோலின் உள்ளடுக்குவரை இறங்கி, தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைப்பது யு.வி.ஏ. என்ற இன்னொரு புற ஊதாக் கதிர்; மூடிய பஸ் கண்ணாடியையும் தாண்டி வரும். அதற்கு 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கையைக் கடித்தால் 30 வாங்கித் தாராளமாகப் போடுங்கள், உச்சி வெயிலில் குடை பிடியுங்கள். குடைக்கு ஆண்கள் ஏன் இத்தனை வெட்கப்படுகிறார்களோ!

கே: கொலாஜன் பவுடர், டப்பா 2,400 ரூபாய். வாங்கலாமா?

ப: வேண்டாம். வயிற்றுக்குள் போனால் அதுவும் முட்டை, பருப்பு, மீன் மாதிரி செரிக்கிற புரதம்தான்.

கே: பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவில் 'இளமை க்ரீம்' கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்றது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. பில் தரவில்லை.

ப: தப்பு உங்கள் மேல் இல்லை, அம்மா. நீங்கள் சொல்வது பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமின் லட்சணம். தொடர்ந்தால் தோல் மெலியும், நரம்புபோல ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும். லேபிள் இல்லாததால் பாதரசமும் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எரிகிறதே என்று அதையே மறுபடி தடவாமல், டப்பாவோடு உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பில் இல்லாவிட்டால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவர் சீட்டு எல்லாம் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கே: வைட்டமின் சி சீரம் இரண்டு மாதத்தில் பழுப்பாகிவிட்டது. பழசை விற்றார்களா?

ப: காற்றும் வெளிச்சமும் பட்டால் அப்படித்தான் ஆகும். வாங்கும்போதே பழுப்பு என்றால் திருப்பிக் கொடுங்கள். அடர்நிறக் குப்பி, 15 அல்லது 20 மில்லி போதும். ஆஃபரில் 60 மில்லி வாங்கிப் பாதியை வாஷ்பேசினில் ஊற்றியவன் சொல்கிறேன்.

கே: தினமும் பத்து சிகரெட். உதட்டைச் சுற்றிக் கோடுகள். எந்த சீரம் நல்லது?

ப: அந்த பத்து சிகரெட்டையும் வாங்காதீர்கள்.