லடாக் பயணத்துக்கு அலுமினியப் பெட்டியா, துணிப் பையா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வைத்திருக்கிறேன். வரும் ஆகஸ்டில் மனைவியுடன் மணாலியிலிருந்து லே வரை செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ் என மூன்றையும் வாங்கிவிடுமாறு கடைக்காரர் வற்புறுத்துகிறார். நண்பர்களோ துணிப் பையே போதும் என்கிறார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், பெட்டியையோ பையையோ தாங்கும் சட்டமான ரேக்கைத் தாமே செய்து வண்டியின் சேஸிஸோடு (அடிச்சட்டம்) பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: உங்கள் வண்டிக்கும் நீங்கள் சொல்லும் பாதைக்கும், துணைவியாரும் உடன் வருகிறார் என்பதற்கும் சேர்த்துப் பார்த்தால், போல்ட் போட்டுப் பொருத்தும் ரேக்கும், அதில் இறுகக் கட்டிய துணிப் பேனியர்களும் (பக்கவாட்டுப் பைகள்), சீட்டுக்குப் பின்னால் வைக்கும் சிறிய டெயில் பேக் ஒன்றும் போதும். டாப் பாக்ஸ் வேண்டாம். சேஸிஸில் வெல்டிங் எக்காரணம் கொண்டும் வேண்டாம். பெட்டியா பையா என்று முடிவு செய்வதற்கு முன், வண்டி எவ்வளவு எடையைத் தாங்கும், அந்த எடை எந்த இடத்தில் உட்காரும் என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வண்டியுடன் கொடுத்த கையேட்டில், ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து பெட்ரோலோடு சேர்ந்த வண்டியின் சொந்த எடையான 196 கிலோவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அது 195 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்த நிலையில் நீங்கள் 84 கிலோ, துணைவியார் 66 கிலோ என்றால் 150 போய்விட்டது. கிராஷ் கார்டும் எஞ்சின் கார்டும் சேர்ந்து ஒரு 6 கிலோ, ரேக் ஒரு 6 கிலோ. மீதம் 33. அலுமினியப் பெட்டிகள் இரண்டும் காலியாகவே 11 கிலோவுக்கு அருகில் வரும். டாப் பாக்ஸும் அதன் அடித்தட்டும் 5 கிலோ. ஆக, துணிமணி, கருவிகள், உதிரி ட்யூப், தண்ணீர், மருந்து அனைத்துக்கும் 17 கிலோதான் எஞ்சுகிறது. துணிப் பேனியரும் டெயில் பேக்கும் சேர்ந்து 6 கிலோவைத் தாண்டுவது அரிது என்பதால் அந்த வழியில் 27 கிலோ கிடைக்கும். மணாலி-லே பாதையில் உள்ள தண்டியில் பெட்ரோல் நிரப்பிய பிறகு அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று அங்கிருந்த பலகையே நெடுங்காலம் எச்சரித்து வந்தது. உங்கள் டேங்கில் 17 லிட்டர் பிடிக்கும் என்றாலும், இருவர் அமர்ந்து மலையேறும்போது மைலேஜ் குறையும் என்று கணக்கிட்டு 5 லிட்டரைத் தனியாக எடுத்துச் சென்றால் அதற்கே ஏறக்குறைய 4 கிலோ ஆகிவிடும். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

அடுத்தது எடை உட்காரும் இடம். உங்கள் வண்டியின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 151 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ டாப் பாக்ஸ் அமர்ந்தால், முன்சக்கரத்தின் மீதிருந்து ஏறக்குறைய 2 கிலோ குறைகிறது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு இது. ஓடும்போது, வண்டியின் நடுப்புள்ளியிலிருந்து எடை இருமடங்கு தள்ளிப் போனால் அது திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும் நொடியில் வண்டியின் பின்பகுதி மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்குவதும், கொண்டை ஊசி வளைவின் மேட்டில் ஹேண்டில்பார் பிடிமானமின்றி இலேசாவதும் இதனால்தான். உயரமாகவும் பின்னுக்குத் தள்ளியும் இருக்கும் ஒரு கிலோ, தாழ்வாகப் பில்லியன் (பின்னால் அமர்பவர்) கால்தாங்கிக்கு அருகில் இருக்கும் மூன்று கிலோவைவிடத் தொல்லை தரும் என்பது என் மதிப்பீடு. டாப் பாக்ஸின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 5 முதல் 10 கிலோ வரைதான் அனுமதி இருக்கும், அதோடு வேக வரம்பும் இருக்கும். துணைவியார் அதைச் சாய்மானமாகப் பயன்படுத்தினால், பள்ளத்தில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய முதுகின் விசையும் அந்தச் சிறிய தாழ்ப்பாளின் மீதே விழுகிறது.

பெட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றையும் மறுக்க முடியாது. பூட்டலாம், மழை நனைக்காது, சாப்பாட்டு மேசையாகக்கூட உதவும், நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். தார்ச் சாலையிலேயே நாடு முழுவதும் சுற்றுபவர் என்றால் நானே அலுமினியத்தைப் பரிந்துரைத்திருப்பேன். ஆனால் பாரலாச்சா லா கணவாய்க்கு முன்னுள்ள நீரோடைகளிலும், மோரே சமவெளியின் புழுதியிலும், நீங்கள் பிறகு நுப்ரா பக்கம் போனால் ஹுண்டரின் மணலிலும் வண்டி நடைவேகத்தில்தான் நகரும். நிலை தடுமாறும்போது கால் தன்னிச்சையாகக் கீழே போகும். ஊன்றிய கால் அங்கேயே சிக்கி நிற்க, வண்டி மட்டும் முன்னே நகர்ந்தால், கெண்டைக்காலின் பின்புறத்தில் பெட்டியின் முன்விளிம்பு வந்து மோதும். துணிப் பை என்றால் அது மடங்கிக் கொடுக்கும். அலுமினியம் கொடுக்காது. மலைப்பாதையில் கால் எலும்பு முறிவதற்கு இது நன்கு அறியப்பட்ட காரணம் என்பதால், கரடுமுரடான பாதைகளை நாடுபவர்களில் பலர் துணிப் பைகளுக்கு மாறிவிட்டார்கள்.

இன்னும் சில சில்லறைக் குறைகள் உண்டு. பூச்சில்லாத அலுமினியத்துக்குள் துணியை நேரடியாக வைத்தால், இரண்டாம் நாளே சட்டைகளில் சாம்பல் நிற மை ஏறியிருக்கும். குலுக்கலில் டப்பாவும் சுவரும் உரசி உதிரும் பொடி அது. காற்றுப் புகாதபடி ரப்பர் வளையம் வைத்த பெட்டியை, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா கணவாயில் திறந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால் மூடி புஸ்ஸென்று எழும்பும், ஷாம்பூ புட்டி கக்கியிருக்கும். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் முதல் நாள் மூச்சு வாங்கும் நிலையில் இரண்டு பெட்டிகளை மாடிக்குத் தூக்கிச் செல்வது எவருக்கும் வேண்டாத வேலை.

துணிப் பையிலும் தேர்வு வேண்டும். மேலே ஒரு மழை உறையைப் போர்த்தும் வகை விலை குறைவு. ஆனால் காற்றில் அந்த உறை உப்பி, கிழிந்து, சில வேளை சங்கிலியில் போய்ச் சிக்கும். பிவிசி பூசிய கனமான துணியில் வாயைச் சுருட்டி மூடும் வகையோ, உள்ளே நீர்புகாத தனிப் பை வைத்த வகையோ வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு 25 முதல் 30 லிட்டர் போதுமானது. அதற்கு மேல் இடம் இருந்தால் அதையும் நிரப்பிவிடுவோம். சீட்டின் குறுக்கே தொங்கப் போடும் சாடில் பேக் உங்களுக்கு ஆகாது. அதன் பட்டைகள் பில்லியனின் தொடைக்கு அடியில் ஓடி உறுத்தும். பை ஆடி ஆடி வலப்புறச் சைலன்சரில் பட்டு உருகும். ஆகவே துணிப் பைக்கும் ரேக் அவசியம்.

இனி உறவினரின் யோசனை. அவருடைய கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சேஸிஸ் குழாயில் பற்றவைக்கும்போது, இணைப்பை ஒட்டிய பகுதியில் எஃகின் உள்ளமைப்பு வெப்பத்தால் மாறுகிறது; நாட்கணக்கில் குலுங்கும்போது விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாகலாம். வாரண்டி விஷயத்தில் நிறுவனம் கைவிரித்துவிடும். அவர் உதவ விரும்பினால், வண்டியைத் தொடாமல் ரேக்கை மட்டும் தனியாகச் செய்து தரட்டும்: 18 மில்லிமீட்டர் உருண்டைக் குழாயில், ஒவ்வொரு பக்கமும் வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் மூன்று இடங்களில் பிடிக்கும்படி, இரண்டு பக்கங்களையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இணைக்கும் குறுக்குச் சட்டத்துடன். அந்தக் குறுக்குச் சட்டம் இல்லாத ரேக்கை, அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், வாங்காதீர்கள். பை ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளும் வெளியும் இழுக்கும்போது அந்த விசையை மறுபக்கத்துக்குக் கடத்துவது அதுவே.

பொருத்தும்போது எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் பாதி முறுக்கி நிறுத்திக்கொண்டு, ரேக் நேராக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டு மறுமுனையை நெம்பித் துளைக்குக் கொண்டுவந்தால், குழாய் எப்போதும் இழுவிசையிலேயே இருந்து ஒரு நாள் முறியும். இடைவெளி இருந்தால் அதற்கேற்ற நீளத்தில் ஒற்றை உருளைத் துண்டை வையுங்கள். நான்கைந்து வாஷர்களை அடுக்கிச் சமாளிக்காதீர்கள். மரையில் நீல நிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். கையேடு வேறு அளவு சொல்லாத இடத்தில், சாதாரண எஃகு மரையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்கலாம். இறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து ரேக்குக்கு வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், காலையில் தேநீர் குடித்தபடியே எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கடைசி இறுக்கலுக்கு முன், துணைவியாரைப் பயண பூட்ஸுடன் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். அவருடைய குதிகாலோ கெண்டைக்காலோ பையில் முட்டினால் பையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். நாள் முழுக்க முழங்காலை மடக்கி உட்கார்வது அவரால் இயலாது. டெயில் பேக்குக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு அவரால் ஏற முடிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சாரி கார்டைக் கழற்றினால்தான் ரேக் உட்காரும் என்றால் சற்று யோசியுங்கள். பில்லியனுக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பில்லியன் இருக்கையின் மீது சாமான் பெட்டி வைத்தால் பில்லியனை ஏற்றக் கூடாது என்பதும் விதியில் உண்டு. உங்கள் வண்டியில் பின்புற பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒன்றாகவே அமைந்திருப்பதால், பையோ தொங்கும் பட்டையோ அதை மறைத்தால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு இரண்டுமே தெரியாது. பைகளை ஏற்றியபின் பத்தடி தள்ளி இரு பக்கமும் நின்று பார்ப்பது நல்லது.

சைலன்சர் இருப்பதால் வலப்புற ரேக் சற்று வெளியே தள்ளி நிற்கும். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இடப்பையின் மையம் 30 சென்டிமீட்டரும் வலப்பையின் மையம் 36 சென்டிமீட்டரும் தள்ளியிருந்தால், இடப்புறம் 9 கிலோவும் வலப்புறம் ஏழரைக் கிலோவும் வைத்தால்தான் சமன். கருவிகளும் ட்யூப்களும் பையின் அடியில், வண்டியின் நடுப்பகுதியை நோக்கி இருக்கட்டும், மழைக்கோட்டு மேலே. டெயில் பேக்கில் ஸ்வெட்டர் போன்ற இலேசான பொருட்கள் மட்டும். பெட்ரோல் கேனைச் சைலன்சர் இல்லாத இடப்புறத்தில், ரேக்கின் வெளிப்பக்கத்தில் கட்டுங்கள்.

எல்லாம் ஏற்றி இருவரும் அமர்ந்த நிலையில் பின் சஸ்பென்ஷன் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் வண்டியில் பின்சக்கரத்தின் மொத்த அசைவு 200 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை, கூட்ட வேண்டும். கூட்டாமல் போனால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும், கல் ஒன்றில் எஞ்சின் அடித்தட்டு இடிக்கும். டயர் காற்றழுத்தத்துக்கு, பில்லியனுடன் செல்லும்போது என்று கையேட்டில் தனியாகக் கொடுத்திருக்கும் அளவை வையுங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே, முழுச் சுமையுடனும் துணைவியாருடனும் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஒருமுறை ஏறி இறங்குங்கள். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ரேக், பை, சஸ்பென்ஷன் மூன்றின் குறையும் வெளிப்பட்டுவிடும். அட்டகட்டியில் நிறுத்தி வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். வீடு திரும்பியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதாக இருந்தால், டேங்கை முழுதாகக் காலி செய்துதான் ஏற்றுவார்கள். பைகளையும் ரேக்கின் குறுக்குச் சட்டத்தையும் கழற்றி உங்களுடன் எடுத்துச் செல்லுங்கள், அதைப் பூட்டும் ஏலன் கீயையும் மறக்காமல்.